பாட்டைத் தவிர்த்த வீணைக் கலைஞர்

'அந்த நாள்' திரைப்படத்தை எஹலியகொடயில் வீட்டில் இறுவட்டிலிட்டுப் பார்த்தோம். 1954 இல் ஏவிஎம் நிறுவனம் வெளியிட்ட இப்படத்தில் ஒரு பாடலும் இல்லை. இயக்கியவரோ வீணை எஸ். பாலசந்தர்! 1927 இல் பிறந்து, சிறுவனாகவே திரையில் தோன்றி, குருவின்றி வீணை பயின்றவர் அவர்.

ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய காலத்தில் வானொலிப் பொறியியலாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சந்தேகத்திற்குரிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். (முடிவை இங்கே கூறமாட்டோம்.) 1942 இல் கொழும்பும் ஜப்பானியக் குண்டுகளைக் கண்டதால் அந்த அச்சம் நமக்கு அந்நியமன்று.

பாடலற்ற படத்தை அன்றைய ரசிகர்கள் பெரிதும் வரவேற்கவில்லை. 'பொம்மை', 'நடு இரவில்' ஆகியவற்றின் பின் பாலசந்தர் திரையைத் துறந்து வீணைக்கே திரும்பினார். இசையுலகுக்கு அது ஆதாயம். தமிழ்த் திரைக்கு நட்டமென்றே கருதுகிறோம். 1982 இல் பத்மபூஷண் பெற்ற அவர், 1990 ஏப்ரல் 13 இல் காலமானார். 'அந்த நாள்' வெளியானதும் ஓர் ஏப்ரல் 13 இலேயே.