7 மீட்டரில் தொடங்கி 8.13 வரை... ஜெஸ்ஸி ஓவன்ஸ் நீளம் தாண்டிய கதை

போடிநாயக்கனூர் பக்கம் சிலமலையில் ஒரு பையன் பள்ளி மைதானத்தில் 5 மீட்டர் தாண்டுகிறான்னு வைத்துக்கொள்வோம். அது நல்ல தூரமா? எட்டாம் வகுப்புப் பையன் என்றால் பி.டி. சார் தட்டிக்கொடுப்பார், குறுவட்டப் போட்டிக்கும் அழைத்துப் போவார். அதே 5 மீட்டரை மாநிலப் போட்டியில் பெரிய பையன்கள் பிரிவில் தாண்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தூரம் ஒன்றுதான், களத்துக்குக் களம் மதிப்பு மாறுது. இதற்கு ஜெஸ்ஸி ஓவன்ஸ் வாழ்க்கையை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

யார் இந்த ஓவன்ஸ்?

1913 செப்டம்பர் 12-ம் தேதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வாரத்துக்குப் பயிர் செய்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் ஓவன்ஸ், வீட்டில் ஜே.சி. அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது குடும்பம் ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. புதுப் பள்ளியில் டீச்சர் பெயர் கேட்டார். பையன் தெற்கத்தி உச்சரிப்பில் ஜே.சி. என்று சொன்னது டீச்சர் காதில் ஜெஸ்ஸி என்று விழுந்தது. கடைசி வரை அதுவே பெயர்.

அங்கே சார்லஸ் ரைலி என்ற உடற்பயிற்சி ஆசிரியர் அவரைக் கவனித்தார். ஆனால் பள்ளி விட்டதும் பையன் வேலைக்குப் போக வேண்டும், சாயங்காலம் பயிற்சிக்கு வழியில்லை. அதனால் ரைலி காலையில், பள்ளி தொடங்குவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். அம்மா அப்பா ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நிலைமை புதுசு இல்லை.

தூரம் எப்படிக் கூடியது?

1928-ல் நடுநிலைப் பள்ளி மாணவராக 22 அடி 11¾ அங்குலம், அதாவது சுமார் 7 மீட்டர். 1933-ல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளிப் போட்டியில் 7.56 மீட்டர். ஐந்து வருஷத்தில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதே சிகாகோ போட்டியில் 100 கெஜத்தை 9.4 வினாடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். ரகசியம் அங்கேதான் இருக்கிறது. நீளம் தாண்டுதலில் பாதிக்கு மேல் ஓட்டம்தான். வேகமாக ஓடத் தெரியாதவன் மணலில் நாள் முழுக்கக் குதித்தாலும் பெரிசாக ஏறாது.

1935 மே 25, ஆன் ஆர்பர் நகரில் கல்லூரிப் போட்டி. சில நாட்களுக்கு முன் விழுந்ததில் முதுகு வலி. அன்று அவர் தாண்டியது ஒரே ஒரு தடவை. ஜப்பானின் சுஹேய் நம்பு வைத்திருந்த 7.98 மீட்டர் உலக சாதனை தூரத்துக்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டையை வைக்கச் சொன்னார். ஓடிவந்து அதைத் தாண்டி விழுந்தார்: 8.13 மீட்டர். அன்று முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளை முறியடித்து, ஒன்றைச் சமன் செய்தார்.

அப்படிப்பட்டவர் பெர்லினில் ஏன் தடுமாறினார்?

1936 ஆகஸ்ட் 4, ஒலிம்பிக் தகுதிச் சுற்று. தேவை 7.15 மீட்டர்தான், அவருக்கு அது பள்ளிக்கூட தூரம். ஆனால் முதல் இரண்டு வாய்ப்பும் போச்சு. வேகம் பார்க்கச் சும்மா ஓடிப் பார்த்ததையே நடுவர்கள் ஒரு முயற்சியாக எழுதிவிட்டார்கள் என்பார்கள். மிச்சம் ஒரே ஒரு தாண்டல்.

இங்கே அளக்கும் விதி தெரிய வேண்டும். கால் எங்கே எழும்பியது என்பதிலிருந்து அளப்பதில்லை, பலகையின் முன்விளிம்புக் கோட்டிலிருந்துதான் அளப்பார்கள். ஒரு அடி முன்னாடியே எழும்பினால் அந்த ஒரு அடி நஷ்டம். கோட்டைத் தாண்டி மிதித்தால் ஃபவுல், தூரமே கிடையாது. மணலிலும் கோட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் தடம்தான் கணக்கு. விழுந்தவன் பின்னால் கையை ஊன்றினால் கைத்தடத்தில் டேப் வைப்பார்கள். பள்ளி மைதானத்தில் பாதிச் சண்டை இதற்குத்தான்!

8.13 தாண்டியவர் ஒரு அடி விட்டு எழும்பினாலும் 7.15 கிடைத்துவிடும். ஓவன்ஸ் மூன்றாவது தாண்டலில் தகுதி பெற்றார். இந்த யோசனையைச் சொன்னது ஜெர்மனியின் லூஸ் லாங் என்று ஓவன்ஸே பின்னாளில் சொல்லிவந்தார், ஆனால் அப்படி நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. இறுதிச் சுற்றில் இருவரும் மோதியதில் சந்தேகமே இல்லை. ஐந்தாவது தாண்டலில் லாங் 7.87-ஐ எட்டிச் சமன் செய்தார். ஓவன்ஸ் 7.94, அடுத்து 8.06 தாண்டித் தங்கம் வென்றார். முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்து வாழ்த்தியவர் லாங். ஹிட்லர் கைகொடுத்தாரா இல்லையா என்பது தனிக் கதை.

அப்புறம் என்ன ஆச்சு?

நாலு தங்கத்தோடு ஊர் திரும்பியவருக்குச் சோறு போட ஆள் இல்லை. அமெச்சூர் சங்கம் தடை போட்டது. பிழைப்புக்காகக் குதிரையோடு பந்தயம் ஓடினார், சலவைத் தொழில் தொடங்கி நொடித்துப்போனார். 1955-ல் அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக இந்தியாவுக்கும் வந்தார்.

அந்த 8.13 சாதனை 25 வருஷம் நின்றது, 1960-ல் ரால்ஃப் பாஸ்டன் முறியடித்தார். இந்தியர் ஒருவர் 8 மீட்டரைத் தாண்ட 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெஹ்ரான் ஆசியப் போட்டியில் டி.சி. யோஹன்னன் 8.07, ஓவன்ஸின் பெர்லின் தூரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூட. 2023-ல் தூத்துக்குடி மாவட்டம் முதலூரின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 தாண்டித் தேசிய சாதனை படைத்தார்.

ஓவன்ஸ் 1980 மார்ச் 31-ம் தேதி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 66.