மின்சாரம் வரும் முன்பே பிழை திருத்திய தந்தி: யார் இந்த க்ளோட் ஷாப்?

கைப்பேசியில் அனுப்பும் ஒரு படம் ஒரே துண்டாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றும் வந்து சேர்ந்ததா என்பதற்கு மறுமுனையில் இருந்து ஒப்புதல் திரும்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால், அந்தப் பொட்டலம் தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அனுப்பிய பக்கமே மறுபடியும் அனுப்பும். இணையத்தை நம்பி வேலை செய்ய முடிவதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

யோசனை என்னவோ புதுசு இல்லை. சரிபார்ப்பதும், தப்பு என்றால் திருத்தி அனுப்புவதும் 200 ஆண்டுகளுக்கு முன்பே பிரான்ஸில் நடைமுறையில் இருந்தது. அதற்கு வழி போட்டவர் க்ளோட் ஷாப்.

வேலை போனதால் பிறந்த கருவி

1763 டிசம்பர் 25 அன்று, பிரான்ஸின் ப்ரூலோன் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஷாப். பாதிரியாராவதற்குப் படித்தார். திருச்சபை தந்த வருமானத்தில் இயற்பியல் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். 1789-ல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி அந்த வருமானத்தைப் பறித்தது. ஊருக்குத் திரும்பியவர், சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு, தூரத்தில் இருப்பவருக்கு வேகமாகச் செய்தி சொல்லும் வழியைத் தேட ஆரம்பித்தார்.

1791 மார்ச் 2 அன்று ப்ரூலோனுக்கும் பார்சே என்ற ஊருக்கும் இடையே முதல் செய்தி போனது. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள், கறுப்பு வெள்ளைப் பலகைகள், தொலைநோக்கி. அவ்வளவுதான் கருவிகள்.

பாரிஸில் வைத்த கருவிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மன்னரின் ஆட்களுக்கு ரகசியச் செய்தி போகிறதோ என்று சந்தேகப்பட்ட கூட்டம், அவற்றை அடித்து நொறுக்கியது. ஷாப் விடவில்லை. அண்ணன் இக்னாஸ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தது கைகொடுத்தது. 1793 ஜூலை 12 அன்று அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சோதனை வெற்றி பெற்றது. எல்லையில் போர் நடந்துகொண்டிருந்ததால், பாரிஸில் இருந்து லில் நகரம் வரை, சுமார் 200 கிலோமீட்டருக்குக் கோபுரங்கள் எழுந்தன. 1794-ல் கோந்தே நகரம் எதிரிகளிடம் இருந்து மீட்கப்பட்ட செய்தி, குதிரையில் ஆள் வந்து சேரும் முன்பே பாரிஸை எட்டிவிட்டது.

எப்படி வேலை செய்தது?

கோபுர உச்சியில் ஒரு நீண்ட மரச்சட்டம். அதன் இரு முனைகளிலும் மடங்கும் கைகள். இவற்றைப் பல கோணங்களில் திருப்பி, செய்திக்கென்று 92 குறிகள் காட்டலாம். குறியீட்டுப் புத்தகத்தில் 92 பக்கங்கள், பக்கத்துக்கு 92 சொற்கள். முதல் குறி பக்கத்தையும் அடுத்த குறி வரிசை எண்ணையும் சொல்லும். ஆக, இரண்டே குறிகளில் 8,464 சொற்களில் எதையும் அனுப்பலாம்.

நடுவில் இருந்த கோபுர ஊழியர்களுக்கு அர்த்தம் தெரியாது. முந்தைய கோபுரத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, அதே குறியைத் தன் கோபுரத்தில் காட்டுவதுதான் அவர்கள் வேலை.

இங்கேதான் பிழைக் கட்டுப்பாடு வருகிறது. சட்டத்தைச் சாய்வாக வைத்துத்தான் குறியை உருவாக்க வேண்டும். பிறகு அதைக் கிடையாகவோ செங்குத்தாகவோ திருப்பினால்தான் குறி செல்லும். பாதி திருப்பிய கையைக் குறி என்று நினைத்து அடுத்தவர் ஏமாற மாட்டார். அடுத்த கோபுரம் அதே குறியைச் சரியாகக் காட்டுகிறதா என்று அனுப்பியவர் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அதுவே ஒப்புதல். தப்பாக இருந்தால் திருத்த வேண்டும். பிழை, பனிமூட்டம், செய்தி முடிந்தது போன்றவற்றைச் சொல்லத் தனிக் குறிகளும் இருந்தன.

இதில் என்ன லாபம்? தப்பு அடுத்த கோபுரத்திலேயே பிடிபட்டால், ஒரு குறியைத் திருத்தினால் போதும். லில் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தால், மறுபடியும் பாரிஸில் இருந்து எல்லாக் கோபுரங்களையும் தாண்டி வர வேண்டும்.

புகழும் முடிவும்

பெயர் வந்ததும் பழியும் வந்தது. கடிகார வல்லுநர் ப்ரெகேயும் பொறியாளர் பெதான்கூரும் தங்கள் கருவியே மேல் என்றார்கள். யோசனையே ஷாப்புக்குச் சொந்தமில்லை என்ற பேச்சும் எழுந்தது. உடல்நலமும் கெட்டு, மனமும் ஒடிந்த நிலையில், 1805 ஜனவரி 23 அன்று பாரிஸ் தந்தி அலுவலக வளாகத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. அதன் பிறகு சகோதரர்கள் நிர்வாகத்தைத் தொடர்ந்தார்கள். கோபுரங்களின் எண்ணிக்கை பின்னாளில் 500-ஐத் தாண்டியது.

அவர் பார்க்காத ஓட்டை

1834-ல் போர்தோ நகரின் ப்ளாங் சகோதரர்கள் தூர் நகரத் தந்தி ஊழியருக்கு லஞ்சம் கொடுத்தார்கள். பாரிஸ் பங்குச் சந்தை ஏறியதா இறங்கியதா என்பதைக் காட்ட, அரசுச் செய்திக்குள் அவர் ஒரு தவறான குறியைச் செருகுவார். உடனே அதை ரத்து செய்யும் பிழைக் குறியையும் போடுவார். அடுத்தடுத்த கோபுரங்கள் இரண்டையும் அச்சு அசலாக நகல் எடுத்தன. கடைசி அலுவலகத்தில் பிழை நீக்கப்பட்டதால், கைக்கு வந்த செய்தி சுத்தமாக இருந்தது. ஆனால் போர்தோவில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளிக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது. 1836-ல்தான் குட்டு உடைந்தது.

பக்கத்துக் கோபுரம் சரியாக நகல் எடுத்ததா என்று பார்த்தால் மட்டும் போதாது என்பதை இந்த மோசடி காட்டியது. நடுவில் இருப்பவரே மாற்றினால் அந்தச் சோதனையில் தெரியாது. இன்றைய இணையத்தில் வழியில் உள்ள இணைப்புகளில் சோதனை நடந்தாலும், அனுப்பிய கணினியும் பெறும் கணினியும் தங்களுக்குள் தனியாகச் சரிபார்த்துக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது. மின்தந்தி வந்ததும் 1850-களில் ஷாப்பின் கோபுரங்கள் ஓய்ந்தன. சரிபார்த்து, தவறினால் மறுபடி அனுப்பும் பழக்கம் மட்டும் இன்றுவரை தொடர்கிறது.