அடுப்பங்கரையிலே ஜெபம் படித்தவர்

விடியற்காலை பெரட்டுக்கு ஓட வேண்டும். அதற்கு முன்னே பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் தண்ணீர், துணி, சோறு என்று ராத்திரி ஆகிவிடுகிறது. இதிலே ஆண்டவரை நினைக்க நேரம் ஏது என்று கேட்கிறவர்கள் நம்மிலே பலர். அப்படியே நேரம் கிடைத்து முழங்காலிலே நின்று கண்ணை மூடினாலும், மனசு சும்மா இருக்கிறதா? கடைப் பாக்கிக்கு ஓடுகிறது, பிள்ளையின் காய்ச்சலுக்கு ஓடுகிறது, பக்கத்து வீட்டுச் சண்டைக்கு ஓடுகிறது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, நமக்கெல்லாம் ஜெபம் வராதுப்பா என்று விட்டுவிடுகிறோம்.

அன்பர்களே, இதே குறையோடு பத்து வருஷம் போராடிய ஒரு மனிதரின் கதையை இன்று சொல்லப் போகிறேன். அவர் குருவானவர் அல்ல. பெரிய படிப்புப் படித்தவரும் அல்ல. பிரான்சு தேசத்திலே பாரிஸ் பட்டணத்து மடம் ஒன்றில் பானை சட்டி கழுவி, சோறு ஆக்கிப் போட்ட சமையற்காரர். உலகம் அவரைச் சகோதரர் லாரன்ஸ் என்று அழைக்கிறது.

மொட்டை மரம்

பெற்றோர் வைத்த பெயர் நிக்கோலா ஹெர்மன். சுமார் 1614-ஆம் ஆண்டிலே, லொரேன் நாட்டில் லூனெவில் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஏரிமெனில் என்ற கிராமத்திலே பிறந்தார். லொரேன் இன்றைக்குப் பிரான்சோடு சேர்ந்த பகுதி. அன்றைக்கு அது ஒரு தனி நாடு.

அவருக்குப் பதினெட்டு வயதிருக்கும். நல்ல குளிர்காலம். இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். பார்க்கிறவனுக்கு அது செத்த மரம். ஆனால் இன்னும் கொஞ்ச நாளிலே இதே மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவர் மனசிலே சட்டென்று பட்டது. அதைச் செய்கிறவர் ஆண்டவர் அல்லவா என்று நினைத்தார். அன்றைக்கு மனசிலே பிடித்த அன்பு பிறகு எந்த நாளும் அதைவிடக் கூடியதாகத் தமக்குத் தெரியவில்லை என்று பிற்காலத்திலே அவரே சொல்லியிருக்கிறார்.

ரப்பர் மரம் இலை உதிர்த்து நிற்பதை வருஷா வருஷம் பார்க்கிறவர்கள் நாம். அந்த நாளிலே பால் குறையும். பால் குறைந்தால் கையும் கடிக்கும். ஆனாலும் மரம் செத்துவிட்டது என்று நாம் யாரும் சொல்வதில்லை. துளிர் வரும் என்று தெரியும். நிக்கோலாவுக்கு அந்த மரம் சொன்னதும் அந்தப் பாடம்தான். ஆனால் அதைத் தன் மனசுக்குப் பொருத்திப் பார்க்க அவருக்குப் பல வருஷம் பிடித்தது.

சிப்பாய், எடுபிடி, நொண்டி

அந்தக் காலத்திலே ஐரோப்பாவில் முப்பது வருஷப் போர் நடந்துகொண்டிருந்தது. 1618-இல் தொடங்கி 1648 வரை நடந்த சண்டை. ஏழை வீட்டு இளைஞர் நிக்கோலாவும் சிப்பாயாகப் போனார். ஒரு முறை ஜெர்மன் படையினர் அவரைப் பிடித்து, இவன் ஒற்றன், தூக்கிலே போடுகிறோம் என்று மிரட்டினார்கள். தான் ஒற்றன் இல்லை, மனசாட்சியிலே குற்றம் இல்லாததால் சாவுக்குப் பயமும் இல்லை என்று அவர் நிதானமாகச் சொல்லவும் விட்டுவிட்டார்கள். 1635-இல் ராம்பெர்வில்லே என்ற ஊரிலே சுவீடன் படைகளோடு நடந்த சண்டையிலே காயம்பட்டார். அதோடு சிப்பாய் வேலை முடிந்தது. கால் ஊனம் மட்டும் சாகும்வரை கூட வந்தது.

பிறகு ஒரு கனவானோடு சேர்ந்து ஊருக்கு ஒதுங்கித் தனியாக இருந்து தவ வாழ்க்கை வாழப் பார்த்தார். அது சரிப்படவில்லை. ஒரு நேரம் சந்தோஷம், ஒரு நேரம் துக்கம். இன்றைக்கு உறுதி, நாளைக்குத் தடுமாற்றம். தனக்கு ஒரு ஒழுங்கும் நாலு பேர் துணையும் வேண்டும் என்று தெரிந்துகொண்டார்.

அடுத்து பாரிஸிலே அரசாங்கப் பொருளாளர் ஒருவர் வீட்டிலே எடுபிடி வேலை. அதிலும் பேர் வாங்கவில்லை. தொட்டதையெல்லாம் உடைக்கிற தடியன் நான் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிச் சிரித்துக்கொள்வாராம்.

1640-இல், இருபத்தாறு வயது மதிக்கத்தக்க நிலையிலே, பாரிஸ் வோஜிரார் தெருவிலிருந்த கார்மேல் மடத்திலே சேர்ந்தார். 1642 ஆகஸ்ட் மாதம் வார்த்தைப்பாடு கொடுத்தார். உயிர்த்தெழுதலின் லாரன்ஸ் என்பது அங்கே கிடைத்த பெயர். குருப்பட்டம் இல்லாத, உடலுழைப்புக்கென்று இருக்கிற சகோதரர்களிலே அவர் ஒருவர். என் தடித்தனத்துக்கு இங்கே நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போனாராம். மடத்திலே அவரை எங்கே போட்டார்கள்? சமையலறையிலே.

பத்து வருஷத்து இருட்டு

அவருக்குச் சமையல் வேலை என்றாலே இயற்கையிலே பிடிக்காது. அந்தப் பிடிக்காத வேலையிலே சுமார் பதினைந்து வருஷம் இருந்தார். பெரிய மடத்துச் சமையல் லேசா? விறகு, புகை, பானை, இடையிலே அதைக் கொடு இதைக் கொடு என்று நாலு பேர் ஒரே நேரத்திலே கேட்கிற சத்தம். கால் வேறு ஊனம்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஜெபத்திலே இருந்தது. மடத்திலே தியானத்துக்கென்று மணி அடிப்பார்கள். எல்லாரும் உட்கார்ந்து, முறைப்படி ஒவ்வொரு படியாகத் தியானம் செய்ய வேண்டும். சகோதரர் லாரன்ஸ் சாவையும் தீர்ப்பையும் நரகத்தையும் மோட்சத்தையும் நினைத்துப் பார்த்தார். தன் பாவங்களை நினைத்துப் பார்த்தார். மனசு நிற்கவில்லை. ஒரு நினைப்பைத் துரத்துவார். அடுத்த நிமிஷம் அதிலேயே போய் விழுவார். ஜெப நேரம் முழுக்க இதே வேலை. ஜெபிக்கும் முறைகளைச் சொல்லுகிற புத்தகங்களையும் பார்த்தார். இத்தனை முறையும் சேர்ந்தால் தனக்குக் குழப்பம்தான் மிஞ்சும் என்று மூடி வைத்துவிட்டார்.

இது ஒரு மாதம் இரண்டு மாதத்துக் கதை இல்லை. ஏறக்குறைய பத்து வருஷம். தான் ஆசைப்பட்ட அளவுக்கு ஆண்டவருக்குச் சொந்தமாக இல்லையே என்ற ஏக்கமும், பழைய பாவங்களின் நினைப்பும் சேர்ந்து அவரை அரித்தன. அதிலே நாலு வருஷம், நான் கெட்டுப் போனவன், நரகம்தான் எனக்கு என்றே நம்பினார். யார் எவ்வளவு சொல்லியும் அந்த எண்ணத்தை மாற்ற முடியவில்லை. மடத்து அங்கி உடம்பிலே இருக்கிறது. உள்ளே இந்த நெருப்பு. வெளியே அடுப்பு. யோசித்துப் பாருங்கள் அன்பர்களே.

விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். முன்பே ஒரு முறை தவ வாழ்க்கையை விட்டு வந்தவர்தானே? இந்த முறை ஓடவில்லை. அவர் ஒரே ஒரு முடிவு எடுத்தார். நான் இங்கே வந்தது ஆண்டவர் மேலே உள்ள அன்புக்காக. கெட்டுப் போனாலும் சரி, கரை ஏறினாலும் சரி, அந்த அன்புக்காகவே செய்வதைச் செய்துகொண்டிருப்பேன். சாகும்வரை என்னால் முடிந்த மட்டும் அவரை நேசித்தேன் என்ற ஒன்றாவது மிஞ்சுமல்லவா? இதுதான் அவர் மனசிலே வைத்த கணக்கு. தன் மிச்ச நாளெல்லாம் இந்தக் கஷ்டத்திலேயே கழியட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

அப்படி ஒத்துக்கொண்டபோதுதான் ஒரு நாள் திடீரென்று மனசு மாறியிருந்தது. கனமெல்லாம் இறங்கி, உள்ளே ஒரு சமாதானம் வந்து உட்கார்ந்துகொண்டது. மொட்டை மரம் துளிர்த்துவிட்டது. பிறகு அந்தச் சமாதானம் அவரை விட்டுப் போகவில்லை.

சட்டியும் ஜெபமும்

அதன் பிறகு அவர் ஜெபித்த விதம் வெகு எளிது. வேலை தொடங்குவதற்கு முன்னே, உன் கட்டளைப்படி இந்த வெளிவேலைக்குப் போகிறேன் ஆண்டவரே, கூடவே இரும் என்பது போலக் கொஞ்சம் பேசுவார். வேலை நடுவிலே, மனசுக்குள்ளேயே ஒரு சின்ன வார்த்தை, ஒரு நினைப்பு. வேலை முடிந்ததும் திரும்பிப் பார்ப்பார். சரியாகச் செய்திருந்தால் நன்றி. தப்பிப் போயிருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதையே நினைத்து அழுதுகொண்டிருக்காமல் எழுந்து நடப்பார்.

சட்டியிலே முட்டையடையைத் திருப்பிப் போடுவதைக்கூட ஆண்டவர் மேலுள்ள அன்புக்காகச் செய்வார். அது முடிந்து வேறு வேலை இல்லையென்றால், அங்கேயே தரையிலே விழுந்து வணங்கி எழுவார். கீழே கிடக்கிற ஒரு துரும்பை எடுத்துப் போடுவதற்கும் அந்த அன்பு போதும் என்பது அவர் எண்ணம். இப்படி வாழ்ந்தவருக்கு ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்ற வித்தியாசமே இல்லாமல் போயிற்று. சமையலறைச் சத்தத்துக்கு நடுவிலேயும், கோயிலிலே முழங்காலிலே நிற்கிற அமைதி அவருக்கு இருந்தது.

மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவர பர்கண்டிப் பகுதிக்கு அனுப்புவார்கள். வியாபாரம் தெரியாதவர். நொண்டிக் கால். படகிலே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போவதென்றால் பீப்பாய்கள் மேலே உருண்டுதான் போக வேண்டும். இது உம்முடைய காரியம், நீரே பார்த்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். காரியம் முடிந்திருக்கும். எப்படி முடிந்தது என்று அவருக்கே தெரியாது. பிற்காலத்திலே சமையலறையிலிருந்து எடுத்து, மடத்தாருக்குச் செருப்புத் தைக்கிற வேலை கொடுத்தார்கள். அதையும் அப்படியே செய்தார்.

தேடி வந்தவர்கள்

இந்தச் சமையற்காரரிடம் ஏதோ இருக்கிறது என்று மெல்ல மெல்ல வெளியே தெரிந்தது. 1666 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் வந்து அவரோடு பேசினார். படித்த குரு, படிக்காத சகோதரரிடம் ஜெபம் கற்றுக்கொள்ள வந்தார். பேசியதையெல்லாம் எழுதி வைத்தார். நமக்கு இன்று கதை கிடைப்பது அவரால்தான். தூரத்திலே இருந்தவர்களுக்கு லாரன்ஸ் கடிதம் எழுதினார். அதிலே சில நமக்குக் கிடைத்திருக்கின்றன.

மனசு அலைகிறதே என்று ஒருவர் எழுதிக் கேட்டார். உமக்கு மட்டுமா, எல்லாருக்கும் அப்படித்தான் என்று பதில் போட்டார் லாரன்ஸ். பேச்சு வராத, கைகால் விளங்காத ஒரு பிச்சைக்காரன் பணக்காரர் வீட்டு வாசலிலே கிடக்கிறான் அல்லவா, ஜெபத்திலே அப்படிக் கிடந்தால் போதும். அதிக வார்த்தை வேண்டாம். மனசு ஓடினால் சலித்துக்கொள்ளாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். ஜெப நேரம் தவிர மற்ற நேரங்களிலேயும் அதை ரொம்ப தூரம் ஓட விடாமல் இருந்தால், ஜெபத்திலே அது சீக்கிரம் அடங்கும். அவர் சொன்ன வழி இவ்வளவுதான்.

ஒரு சிப்பாய்க்காகவும் ஒரு கடிதத்திலே எழுதினார். கையிலே கத்தியோடு நடந்து போகும்போதும் மனசை ஒரு நொடி ஆண்டவரிடம் தூக்கினால் போதும், அந்தச் சின்ன ஜெபமும் அவருக்கு ஏற்றதுதான் என்பது அதன் சாரம். தாமும் சிப்பாயாக இருந்தவர் அல்லவா! அவசரப்பட்டு ஒரே நாளிலே பக்திமான் ஆகப் பார்த்த ஒருவரைப் பற்றி, மெதுவாகப் போகட்டும், யாரும் ஒரே நாளிலே புண்ணியவான் ஆவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். பத்து வருஷம் இருட்டிலே நின்றவர் சொல்வதால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

கடைசிக் காலத்திலே காலிலே புண் வைத்து மிகவும் வேதனைப்பட்டார். பின்னாளிலே காம்பிரே மேற்றிராணியாரான ஃபெனலோன் அவரைப் போய்ப் பார்த்தார். உடம்பு ரொம்ப மோசமாக இருந்தும் மனுஷன் குதூகலமாக இருந்ததைக் கண்டு வியந்தார். 1691 பிப்ரவரி 12-ஆம் தேதி சகோதரர் லாரன்ஸ் அமைதியாகக் கண்ணை மூடினார். போஃபோர் அவருடைய கடிதங்களை 1692-லும், பேசியவைகளை 1694-லும் அச்சிலே கொண்டுவந்தார். கத்தோலிக்க மடத்துச் சகோதரர்தான். ஆனால் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அவர் எழுத்திலே ஒரு பகுதியை எடுத்துத் தம் மக்களுக்குப் படிக்கக் கொடுத்தார். நல்ல சோற்றுக்குச் சபை ஏது?

அன்பர்களே, ஜெபம் வரவில்லை என்று முழங்காலை விட்டு எழுந்து போகிற நம்மவர்கள் இந்த மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் வரவில்லை. பத்து வருஷம் வரவில்லை. வராத ஜெபத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி நின்றதுதான் அவருடைய ஜெபம் என்று பிறகு தெரிந்தது. நாளைக்குக் காலையிலே அடுப்பிலே தண்ணீர் வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். மரத்திலே கத்தி வைக்கும்போது இன்னொரு வார்த்தை. நடுவிலே மனசு ஓடிப்போனால் கவலைப்படாதீர்கள். போனதைத் திரும்பக் கூப்பிடுங்கள். மறுபடி போனால் மறுபடி கூப்பிடுங்கள். துளிர்க்கிற நாளை மரம் அறியாது. வேர் மட்டும் மண்ணை விடாமல் இருந்தால் போதும்.