வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி



நம்ம மாவட்டத்துப் பெரியவங்க யாருன்னு கேட்டா விருதுநகர் காமராஜர், திருச்சுழி ரமணர்னு டக்குனு சொல்லிடுவோம். விஞ்ஞானி யாருன்னு கேட்டா முழிப்போம். வானம் பார்த்த பூமியில் விஞ்ஞானி எங்கே பிறப்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றிப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது. நான் செய்த ஒரு தப்பும் திருந்தியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி. 1923-ல் கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

திரவத்துக்குள் சூரிய ஒளியை விட்டு, சிதறி வரும் ஒளியைக் கண்ணாலேயே பார்ப்பதுதான் அங்கே வேலை. சிதறிய ஒளியில் மங்கலாக வேறொரு நிறம் தெரிந்தது. திரவத்தில் கலந்த அழுக்கோ என்று சந்தேகம். கிருஷ்ணன் 65 திரவங்களைச் சுத்தம் செய்து சோதித்தார். அந்த நிறம் போகவே இல்லை! 1928 பிப்ரவரியில் ராமனும் அவரும் அது புதுவகை ஒளிதான் என்று உறுதி செய்தார்கள். அதுதான் ராமன் விளைவு. 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணன் சோர்ந்து உட்காரவில்லை. டாக்காவில் படிகங்களின் காந்தத் தன்மையை அளந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954-ல் பத்மபூஷண். 1961-ல் காலமானார்.

அதே 1928-ல்தான் இங்கிலாந்தில் டிராக் ஒரு சமன்பாடு எழுதினார். அதிலிருந்து 'எதிர்ப்பொருள்' என்ற கருத்து பிறந்தது. எலக்ட்ரானுக்கு எதிரான பாசிட்ரான் 1932-ல் கிடைத்தது. இப்போ ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் எதிர் ஹைட்ரஜன் அணுவையே செய்கிறார்கள். சாதாரணப் பொருளில் பட்டால் இரண்டுமே அழிந்துவிடும். அதனால் வெற்றிடத்தில் காந்தத்தால் பிடித்து வைத்து, லேசர் ஒளி பாய்ச்சுகிறார்கள்.

ஒவ்வொரு அணுவும் தனக்கென்று உள்ள ஒளியைத்தான் ஏற்கும், கைரேகை மாதிரி. ஹைட்ரஜனின் கைரேகையும் எதிர் ஹைட்ரஜனின் கைரேகையும் ஒன்றா? லட்சம் கோடியில் 2 பங்கு வரை துல்லியமாகப் பார்த்தும் வித்தியாசம் இல்லை என்று 2018-ல் அறிவித்தார்கள். துளி வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் இயற்பியலின் அடிப்படை விதியையே மாற்றி எழுதணும். தெரிவது உண்மையா, நம்ம பிழையா? கிருஷ்ணன் தன் திரவங்களிடம் கேட்ட அதே கேள்விதான் அங்கேயும்.

இப்போ என் தப்பு. பிசிக்ஸ் லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையில் நான் வெர்னியரைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவன் ரீடிங்கைக் கொஞ்சம் மாத்தி எழுதினேன். விடை சரியா வந்தது, டிக்கும் கிடைச்சது.

கிருஷ்ணனைப் படித்த பிறகு அந்தப் பக்கத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்தது. சாரிடம் உண்மையைச் சொல்லிட்டு மறுபடி செய்தேன். இந்தத் தடவை விடை கொஞ்சம் தள்ளித்தான் வந்தது. ஆனா அது நானே பார்த்து எழுதியது!