பழைய கார் ஏசியில் இருந்த கேஸ்: அதைக் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி யார்?

30 வருஷத்துக்கும் மேல் பழசான காரை ஆசையாக வாங்கி, ஏசியை நாமே சரி பண்ணிடலாம் என்று பானெட்டைத் திறக்கிறீர்கள். முதல் கேள்வி, உள்ளே என்ன கேஸ்? பெரும்பாலும் ஆர்-12ஆக இருக்கும். அது இப்போது சாதாரணமாகக் கடையில் கிடைக்காது. ஏன் என்று தேடிப் போனால் ஒரு மனிதரின் வாழ்க்கையில் போய் நிற்போம்.

யார் இவர்?

தாமஸ் மிட்ஜ்லி 1889-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், பெயர் வாங்கியது வேதியியலில். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் இருந்தபோது, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் இன்ஜின் நாக்கிங் நிற்கும் என்று 1921-ல் கண்டுபிடித்தார்.

ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1923-ல் அவரே ஈயப் பாதிப்பால் ஓய்வெடுக்க வேண்டி வந்தது. 1924-ல் நியூ ஜெர்சி ஆலையில் 5 தொழிலாளர்கள் அடுத்தடுத்து இறந்தனர். அந்தப் பரபரப்புக்கு நடுவே, செய்தியாளர்கள் முன்பு அதே திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். ஆபத்தே இல்லை என்று ஊரை நம்பவைக்கத்தான். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல்தான் நின்றது.

ஏசி கேஸ் எப்படி வந்தது?

1920-களின் ஃபிரிட்ஜ்களில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு போன்ற நச்சு வாயுக்கள்தான் ஓடின. லீக் ஆனால் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாற்று தேடும் வேலை 1928-ல் மிட்ஜ்லியிடம் வந்தது. அவர் குழு சில நாட்களிலேயே ஆர்-12-ஐ உருவாக்கியது. விஷமில்லை, தீப்பிடிக்காது. 1930-ல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். ஃப்ரியான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அதுவரை கார்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

ஜன்னலில் ஒரு உருளையை மாட்டி, அதில் தண்ணீர் ஊற்றி, ஈரத்தின் வழியே காற்றை உள்ளே விட்டார்கள். நம்ம வெட்டிவேர் தட்டியின் தத்துவம்தான். வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். புழுக்கமான ஊரில் புழுக்கம்தான் கூடும். ஏசியை ஆப்ஷனாகத் தந்த முதல் கார், 1940 மாடல் பேக்கார்டு. அதில் ஏசியை முழுதாக நிறுத்த, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

முடிவு எப்படி இருந்தது?

1940-ல் மிட்ஜ்லியைப் போலியோ தாக்கியது. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் கொண்டு தானே ஒரு அமைப்பைச் செய்துகொண்டார். 1944 நவம்பரில் அந்தக் கயிற்றிலேயே கழுத்து இறுகி இறந்தார். வயது 55.

ஆர்-12-இன் மறுபக்கம் அவருக்குத் தெரியாமலே போனது. அதன் குளோரின் மேலே போய் ஓசோனை அழிக்கும் என்று 1974-ல் ரோலண்ட், மொலினா எச்சரித்தனர். 1985-ல் அண்டார்டிகா ஓசோன் ஓட்டை பற்றிய ஆய்வு வெளியானது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஆர்-12-க்கு முடிவுரை எழுதியது.

அப்போ நம்ம பழைய கார்?

நீங்களே செய்யக்கூடியவை: கண்டென்சரில் படிந்த தூசியைக் கழுவுவது, கேபின் ஃபில்டர் இருந்தால் மாற்றுவது, கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. வெயிலில் நின்ற காரில் முதல் சில நிமிடங்கள் ஜன்னலைத் திறந்து ஓட்டினாலே பாதி சூடு வெளியேறிவிடும்.

கேஸ் லைனை மட்டும் தொடாதீர்கள். பழைய கேஸைத் திறந்துவிட்டால் அது நேரே வானத்துக்குத்தான் போகும். ஆர்-12 சிஸ்டத்தில் ஆர்-134ஏ-வை அப்படியே ஏற்றினால், பழைய ஆயில் அதோடு சேராது. கம்ப்ரஸர் காய்ந்து போகும். ஆயில், சீல் எல்லாம் மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அதுகூட ஓசோனைத்தான் காப்பாற்றும். பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

மெழுகுவர்த்தியை அணைத்த அன்று அந்த அறையில் இருந்த யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கேஸ் விஷயத்தில் கண் முன்னால் எதுவும் ஆகாததை மட்டும் நம்பக் கூடாது. மிட்ஜ்லி கதை சொல்வது அவ்வளவுதான்.