மைனா ஹப்பர்டின் மூட்டை முடிச்சுகள்

1905இல் லாப்ரடோரின் உட்காட்டுக்குள் தோணியில் புறப்பட்ட மைனா ஹப்பர்ட், தாம் கொண்டுபோன பொருட்களின் பட்டியலைத் தமது நூலில் அப்படியே அச்சிட்டிருக்கிறார். மாவு, சீனி, தேயிலை, உப்பு என்று மளிகைக் கடைச் சீட்டுப்போல நீளும் அந்தப் பட்டியலில் இரண்டு மீன்வலைகளும் உண்டு. அவர் கதை தெரிந்தவர்களால் அந்த இடத்தைச் சட்டென்று கடந்துபோக முடியாது.

1870இல் ஒன்ராறியோவில் பியூட்லி என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தவர். நியூயோர்க்கில் தாதியாக இருந்தபோது, டைபாய்டு காய்ச்சலோடு வந்த பத்திரிகையாளர் லியோனிடாஸ் ஹப்பர்டைப் பராமரித்தார். 1901இல் அவரையே மணந்தார்.

1903 ஜூலையில் லியோனிடாஸும் நண்பர் டில்லன் வாலஸும் வழித்துணையான ஜார்ஜ் எல்சனும் ஒரே தோணியில் கிளம்பினார்கள். மூவருக்கும் சேர்த்து 120 இறாத்தல் மாவு, 25 இறாத்தல் பன்றி இறைச்சி. மிச்சத்தைக் காடும் ஆறும் தரும் என்று நம்பினார்கள். புறப்படும் தறுவாயில் கிடைத்த ஒரு பழைய வலை இற்றுக் கிழிந்தது. போதாததற்கு நாஸ்கோப்பி ஆற்றின் முகத்துவாரத்தைத் தவறவிட்டு வேறொரு சிற்றாற்றுக்குள் நுழைந்துவிட்டார்கள். அக்டோபர் 18ஆம் திகதி லியோனிடாஸ் கூடாரத்துக்குள் பட்டினியால் இறந்தார். மற்ற இருவரும் பிழைத்தார்கள்.

வாலஸ் அந்தப் பயணத்தை நூலாக எழுதினார். அதில் தம் கணவர் பலவீனராகக் காட்டப்பட்டதாக மைனா கொதித்தார். வாலஸ் மீண்டும் போகிறார் என்று தெரிந்ததும் தாமே போகத் தீர்மானித்தார். 1905 ஜூன் 27 அன்று இரு குழுக்களும் ஒரே நாளில் கிளம்பின.

மைனாவின் குழுவில் ஐவர். தலைமை வழிகாட்டி அதே எல்சன். கில்பர்ட் பிளேக் 1903இல் வாலஸைக் காப்பாற்றப் போனவர்களில் ஒருவர். 19 அடி நீளத்தில் கித்தான் போர்த்திய தோணிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று துடுப்புகள், நீரை ஒற்றியெடுக்க ஒரு கடற்பஞ்சு. மாவு 392 இறாத்தல், பன்றி இறைச்சி 200. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், கணவர் கொண்டுபோன மாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆண்களிடம் துப்பாக்கிகள், மைனாவிடம் கைத்துப்பாக்கி, கத்தி, புகைப்படக் கருவிகள், நிலப்படம் வரைய செக்ஸ்டன்ட். கூடவே ஒரு சின்ன இறகுத் தலையணையும் வெந்நீர்ப் பையும்! சிரிக்கத் தோன்றலாம். ஆனால் தாதியாக வேலை பார்த்தவருக்கு உடம்பின் தேவைகள் தெரியும் என்றே எனக்குப் படுகிறது.

திட்டமிட்டும் விபத்து வந்தது. நீர்வீச்சில் ஒரு தோணி கவிழ்ந்து கோடரிகளும் பொரிக்கும் சட்டிகளும் ஆற்றோடு போயின. உணவு மிஞ்சியதால் பயணம் நிற்கவில்லை. வழியில் சந்தித்த இன்னு மக்கள் தூரம் சொல்லி உதவினார்கள். மைனா வரைந்த நிலப்படத்துக்குப் புகழ் கிடைத்தது; அந்த ஆறுகளோ அம்மக்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்தவை.

ஓகஸ்ட் 27 அன்று உங்காவா விரிகுடாவை அடைந்தார். ஏற்றிச்செல்ல வேண்டிய கப்பல் அப்போதும் வந்திருக்கவில்லை. வாலஸ் வந்துசேர்ந்தது அக்டோபர் 16இல்.

மைனாவின் நூல் 1908இல் வெளிவந்தது. பிறகு இங்கிலாந்தில் மறுமணம், மூன்று பிள்ளைகள், மணமுறிவு. அறுபது வயது தாண்டிய பின் ஒருமுறை கனடா வந்து எல்சனோடு மூஸ் ஆற்றில் மறுபடி தோணியில் போனார். 1956இல், 86ஆவது வயதில், லண்டனுக்குத் தெற்கே கூல்ஸ்டனில் இரயிலில் அடிபட்டு இறந்தார்.