நம் நாட்டு விமானச் சிற்பி

காரங்காடு அலையாத்திக் காட்டில் படகில் போகும்போது அண்ணாந்து பாருங்கள். சில பறவைகள் சிறகை அசைக்காமலேயே காற்றில் மிதந்து போகும். விரித்த சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்று சிறகை மேல்நோக்கித் தாங்குகிறது. விமானத்தின் இறக்கையும் இப்படித்தான் வேலை செய்கிறது. இந்தக் காற்றின் கணக்கைக் கற்று, நம் நாட்டிலேயே விமானங்களை வடிவமைத்த முன்னோடிதான் டாக்டர் விஷ்ணு மாதவ் காட்கே.

இவர் 1908 அக்டோபர் 24 அன்று கோலாப்பூர் பகுதியில் பிறந்தார். மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குச் சென்றார். அங்கே கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் லுட்விக் பிராண்டில் என்ற பேரறிஞரிடம் பயின்றார். இறக்கையை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தைப் பற்றி உலகுக்கு விளக்கியவர் பிராண்டில்.

1940ஆம் ஆண்டில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். காட்கே அதில் சேர்ந்தார். பிற நாட்டார் வரைந்த விமானங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமே அப்போது அங்கு முக்கிய வேலை. நாமே ஏன் வரையக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஆனால், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டுமே! 1942இல் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கியபோது, அதன் தலைவராக இருந்து மாணவர்களுக்குக் கற்பித்தார்.

விடுதலைக்குப் பின் அவரும் குழுவினரும் எச்.டி.2 என்ற பயிற்சி விமானத்தை உருவாக்கினர். பயிற்சி விமானம்தானே, எளிது என்று நினைக்காதீர்கள். பழகுபவர் கை தவறினாலும் அது சட்டென்று கவிழக் கூடாது. அதே சமயம், அவர் செய்த தவறை உணர்த்தவும் வேண்டும்! முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். மாணவர் தடுமாறினால் ஆசிரியர் உடனே விமானத்தைக் கட்டுப்படுத்தலாம். இயந்திரம் பிரிட்டனிலிருந்து வந்தது. 1951 ஆகஸ்டில் எச்.டி.2 வானில் எழுந்தது. விடுதலை பெற்று நான்கே ஆண்டுகளில் இந்தச் சாதனை!

அடுத்து, பறக்கும் பயிற்சிச் சங்கங்களுக்காகப் புஷ்பக் வந்தது. 1964இல் கிரண் என்ற ஜெட் பயிற்சி விமானம் பறந்தது. 1965இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1991இல் காட்கே மறைந்தார். அதன் பிறகும், 1996 முதல் 2011 வரை விமானப் படையின் சூர்யகிரண் குழு கிரண் விமானங்களில்தான் வானில் சாகசம் காட்டியது.

நம் விமானிகள் பலர் பறக்கக் கற்றுக்கொண்டது காட்கேயின் விமானங்களில்தான். பிறர் செய்ததைப் பழுது பார்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தாமே செய்தார், பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். நீங்களும் ஒரு காகித விமானம் செய்யுங்கள். அதன் இறக்கையின் பின்நுனியைச் சற்றே மேலே மடக்கிப் பறக்க விடுங்கள். என்ன மாற்றம் என்று கவனியுங்கள். காற்றின் கணக்கை அங்கிருந்தே தொடங்கலாம்!